பட்டியல் வேண்டாம், திருத்த வழி வேண்டும்

உத்திரமேரூர் வட்டத்தில் எந்த ஊரின் வாக்காளர் பட்டியலை வேண்டுமானாலும் எடுத்து, அறுபது வயதைத் தாண்டியவர்களின் பெயர்களை மட்டும் படித்துப் பாருங்கள். துலுக்காணம், கன்னியம்மாள், ஏழுமலை, பச்சையப்பன், அஞ்சலை, குப்பம்மாள், மண்ணாங்கட்டி, சுந்தரவரதன். ஊர் எல்லையில் நிற்கும் அம்மனும், உத்திரமேரூர்ப் பெருமாளும், முதல் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த தாயின் பயமும் அந்தப் பெயர்களில் இருக்கின்றன. அதே ஊர்ப் பள்ளியின் வருகைப் பதிவேட்டைத் திறந்தால் யாழினி, கவின், தர்ஷினி, நித்திஷ், ரித்திகா. இரண்டு தலைமுறைக்குள் ஒரு வட்டாரத்தின் பெயர்கள் அடியோடு மாறிவிட்டன. எந்த அரசாணையும் இந்த மாற்றத்தைக் கொண்டுவரவில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு என்ன பெயர் வைக்கலாம், எதை வைக்கக்கூடாது என்று அரசு சட்டம் போட வேண்டும் என்ற பேச்சு மட்டும் அவ்வப்போது கிளம்புகிறது. பொருள் தெரியாத வடமொழி ஒலிப் பெயர்களைத் தடுக்க வேண்டும் என்பார் ஒருவர். சாதிப் பின்னொட்டைத் தடுக்க வேண்டும் என்பார் இன்னொருவர். பிள்ளையை அவமானப்படுத்தும் பெயர்களையாவது பதிவாளர் மறுக்க வேண்டும் என்பார் மூன்றாமவர். மூவரின் அக்கறையும் உண்மையானது. ஆனாலும் மூவரும் கேட்கும் சட்டம் தவறான இடத்தில் நிற்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். பெயர் வைக்கும் நாளில் அரசுக்கு வேலை இல்லை. அந்தப் பெயரைச் சுமப்பவர் வளர்ந்து நின்று ‘இது எனக்கு வேண்டாம்’ என்று சொல்லும் நாளில்தான் அரசின் கடமை தொடங்குகிறது. இன்றைய நடைமுறையோ அந்த நாளில்தான் கதவை மூடி வைத்திருக்கிறது.

முதலில் நம் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் வந்தது. குழந்தை பிறந்த 21 நாட்களுக்குள் தகவல் தர வேண்டும். கிராமத்தில் வீட்டிலேயே பிறந்தால் கிராம நிர்வாக அலுவலரிடமும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிறந்தால் சுகாதார ஆய்வாளரிடமும் பதிவு நடக்கும். அந்த நேரத்தில் பெயர் முடிவாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டே பதிவு செய்யலாம். சட்டத்தின் 14-ஆம் பிரிவும் தமிழ்நாடு அரசு 2000-இல் வகுத்த விதிகளும் பெயரைப் பிறகு சேர்க்க இடம் தருகின்றன. 12 மாதம் வரை கட்டணம் கிடையாது. அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். அந்தக் காலமும் கடந்துபோன பழைய பதிவுகளுக்காக 2024 டிசம்பர் 31 வரை அவகாசம் நீட்டிக்கப்பட்டது. எந்தப் பெயர் தகும், எது தகாது என்று சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. இது நம் சட்டத்தின் குறையன்று, அதன் பெருந்தன்மை. குறை அடுத்த படியில் இருக்கிறது. ஒருமுறை பெயர் ஏறிவிட்டால் அதை மாற்ற முடியாது என்று சுகாதாரத் துறை அறிவிப்புகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. எழுத்துப் பிழையைத் திருத்தலாம், பெயரையே மாற்ற முடியாது. அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டாலும் பிறப்புச் சான்றிதழில் பழைய பெயரே நிற்கும் என்பதுதான் வழக்கம். முன்பு இது பெரிய இடைஞ்சலாக இல்லை. வீட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர் என்று இருந்த காலம் அது. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பதற்காக, தாத்தா பெயர் வைத்த பேரனை வீடு முழுக்க வேறு பெயரில் கூப்பிடும். முதல் வகுப்பில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் கேட்டு எழுதிய பெயரே கடைசிவரை நிலைக்கும். 2023-இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த திருத்தம் அந்த நெகிழ்வை முடித்துவிட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், ஆதார், திருமணப் பதிவு, அரசுப் பணி என எல்லாவற்றுக்கும் பிறந்த நாள், இடத்துக்கான ஒரே ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். பெற்றோர் முதல் ஆண்டில் எழுதித் தந்த பெயர் இனி ஒருவரது வாழ்நாள் முழுவதற்கும் வேராகிவிடுகிறது.

இனி, தடைப் பட்டியல் கேட்பவர்களின் வழியில் போய்ப் பார்ப்போம். தமிழர்களையே நேரடியாகத் தொட்ட ஒரு பட்டியல் உண்டு. 2006-இல் மலேசியாவின் தேசியப் பதிவுத் துறை, குழந்தைகளுக்கு வைக்கத் தகாத பெயர்கள் என்று வழிகாட்டுதல் ஒன்றை வெளியிட்டது. விலங்கு, பூச்சி, பழம், காய்கறி, நிறம் ஆகியவற்றின் பெயர்கள் கூடாது, எண்கள் கூடாது, அரச பட்டங்கள் கூடாது என்றது அது. சீன வழக்குச் சொற்களில் ‘நாறும் தலை’, ‘கூனன்’ என்று பொருள்படும் பெயர்கள் அதில் இருந்தன. நோக்கம் நல்லதுதான், பிள்ளைகள் கேலிக்கு ஆளாகக்கூடாது என்பதே. ஆனால் அந்தப் பட்டியலில் கருப்புசாமியும் இருந்ததாகச் செய்திகள் வெளிவந்தன. கறுப்புக் கடவுள் என்று பொருள் பிரித்து, தகாதது என்று வைத்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் ஆயிரமாயிரம் குடும்பங்களுக்குக் குலசாமி கருப்பசாமி. தோட்டக் காட்டுக்குக் கூலிகளாகப் போனவர்கள் கடல் கடந்து உடன் கொண்டுபோன துணை அந்தப் பெயர். அதன் எடை ஓர் அலுவலகத்து மேசைக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அந்த விதியை உத்திரமேரூருக்குக் கொண்டுவந்து கறாராகப் படித்தால் என்ன ஆகும்? நிறம் கூடாது என்றால் பச்சையப்பன், பச்சையம்மாள், நீலமேகம் மூவரும் இல்லை. விலங்கும் பறவையும் கூடாது என்றால் நாகம்மாளும் கிளியம்மாளும் இல்லை. எண் கூடாது என்றால் ஏழுமலையும் ஆறுமுகமும் இல்லை. நியூசிலாந்தில் அரசன், இளவரசி போன்ற பட்டங்களைப் பெயராகப் பதிவு செய்ய மறுக்கிறார்கள். அந்த விதி வந்தால் நம் ராஜாக்களும் ராணிகளும் இளவரசிகளும் பதிவேட்டில் ஏற மாட்டார்கள். ஓர் இடத்தில் நியாயமாகப் படும் விதி இன்னோர் இடத்தில் ஒரு மக்கள் கூட்டத்தின் நினைவையே அழித்துவிடும். இவ்வளவுக்கும் இவை நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டவை.

கெட்ட எண்ணத்தோடு எழுதப்பட்டவையும் வரலாற்றில் இருக்கின்றன. 1938 ஆகஸ்டில் நாஜி ஜெர்மனி ஓர் ஆணை போட்டது. யூதர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அரசு ஒப்புதல் தந்த பட்டியலிலிருந்துதான் பெயர் வைக்க வேண்டும். அந்தப் பட்டியலில் இல்லாத பெயரோடு ஏற்கெனவே இருப்பவர்கள், ஆணாக இருந்தால் ‘இஸ்ரேல்’ என்றும் பெண்ணாக இருந்தால் ‘சாரா’ என்றும் கூடுதல் பெயர் சேர்த்துக்கொள்ள வேண்டும். யாரைப் பிடிப்பது என்று பெயரே காட்டிக்கொடுக்கும்படி செய்த ஏற்பாடு அது. 1984-85 குளிர்காலத்தில் பல்கேரியாவின் கம்யூனிஸ்ட் அரசு, அங்கு வாழ்ந்த லட்சக்கணக்கான துருக்கிய மக்களின் பெயர்களைப் பல்கேரியப் பெயர்களாகக் கட்டாயப்படுத்தி மாற்றியது. ஊர்களைப் படை சூழ, அடையாள அட்டைகளில் பெயர்கள் மாறின. ‘நம் நாட்டில் அப்படி நடக்காது’ என்று சொல்லலாம். பெயரைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை இன்று நமக்குப் பிடித்த அரசின் கையில் கொடுத்தால், நாளை நமக்குப் பிடிக்காத அரசும் அதே நாற்காலியில் உட்காரும். மொழிப்பற்றினால் சட்டம் கேட்பவர்கள் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். தமிழ் ஒலிக்கு உட்பட்ட பெயர்கள்தான் என்று சென்னை சட்டம் போடலாம் என்றால், வேறு ஒலிக்கு உட்பட்ட பெயர்கள்தான் என்று டெல்லியும் சட்டம் போடலாம். மொழியைக் காக்கவே பெயர்க் குழு வைத்திருக்கும் ஐஸ்லாந்தில் நடந்ததையும் பார்க்கலாம். ஒரு சிறுமிக்கு வைத்த ‘ப்ளேர்’ என்ற பெயரை, அது ஆண்பாற் சொல், பெண்ணுக்கு ஆகாது என்று மறுத்துவிட்டார்கள். பதினைந்து வயதுவரை அந்தச் சிறுமி அரசு ஆவணங்களில் வெறும் ‘பெண்’ என்றே குறிக்கப்பட்டாள். 2013 ஜனவரியில் நீதிமன்றம்தான் அவளுக்கு அவள் பெயரைக் கொடுத்தது.

நம் ஊர்களில் பெயர் வைக்கும் சட்டம் எழுதப்படாமலே நெடுங்காலம் நடந்தது என்பதையும் மறக்கக்கூடாது. சேரியில் பிறந்த பிள்ளைக்கு முனுசாமி என்று வைத்தால் ஊரார் வாயில் அது முனியன் ஆகும். கோவிந்தசாமி கோவிந்தன் ஆவான். குப்புசாமி குப்பன் ஆவான். ‘சாமி’ என்ற ஈற்றைச் சிலருக்கு மட்டும் உரியதாக வைத்திருந்தார்கள். பதிவேட்டை எழுதியவரும் அந்த ஊர் வழக்கத்துக்கு உட்பட்டவர்தான். பதிவாளருக்குப் பெயரை மதிப்பிடும் அதிகாரம் தருவது என்றால், அந்த மதிப்பீட்டை யார் பழக்கத்திலிருந்து எடுப்பார் என்று கேட்டே ஆக வேண்டும். உத்திரமேரூரில் இந்தக் கேள்விக்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-இலும் 921-இலும் வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள் ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்கின்றன. ஊரின் பிரிவுகளான முப்பது குடும்புகளிலும் தகுதியானவர்களின் பெயர்களை ஓலையில் எழுதி, கட்டிக் குடத்தில் இட்டு, விவரமறியாத ஒரு சிறுவனைக்கொண்டு எடுக்கச் செய்ய வேண்டும். யாருடைய பெயர் ஓலையில் ஏறக்கூடாது என்று அங்கே நீண்ட விதிகள் உண்டு: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர், அவருடைய உறவினர், பிறர் பொருளைக் கவர்ந்தவர். விதிகள் நடத்தையைப் பார்த்தன. நிலத்தையும் வேதப் படிப்பையும் பார்த்தன. அது பிராமணர்களின் சபை என்பதால், வட்டாரத்தின் பெரும்பான்மை மக்களின் பெயர் எந்த ஓலையிலும் ஏற வழியில்லை. ஏட்டில் பெயர் ஏறுவது என்பது இந்த மண்ணில் எப்போதும் அதிகாரத்தோடு கட்டுண்டே இருந்திருக்கிறது. அந்தச் சுவரிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. 919-இல் வகுத்த வயது வரம்பு 30 முதல் 60 வரை. இரண்டே ஆண்டில் அதை 35 முதல் 70 வரை என்று திருத்தினார்கள். தாம் வகுத்த விதி சரியில்லை என்று கண்டதும் அந்தச் சபை மறுபடி கூடியது.

சாதிப் பின்னொட்டுக்குத் தடை கேட்பவர்களுக்கான பதிலும் இந்த வட்டாரத்திலேயே கிடைக்கிறது. 1929 பிப்ரவரியில், அன்று உத்திரமேரூரும் அடங்கியிருந்த செங்கல்பட்டு மாவட்டத்தின் செங்கல்பட்டு நகரில், சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு நடந்தது. தலைமை ஏற்றவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று அங்கே தீர்மானம் நிறைவேறியது. அது சட்டமன்றத் தீர்மானம் இல்லை, மீறினால் தண்டனை இல்லை. ஆனால் தமிழ்நாட்டுப் பொதுவாழ்வில் சாதிப் பெயரோடு ஒருவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது கூச்சத்துக்குரியதாக ஆனது அந்த வேலையால்தான். சுவாமி வேதாசலம் மறைமலையடிகள் ஆனதும், நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனதும், ராமையா அன்பழகன் ஆனதும் யாரும் ஆணையிட்டு நடந்தவையல்ல. வீட்டுக்கு வீடு அந்த அலை போய்ச் சேர்ந்தது. சாதி ஒழிந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. பெயரிலிருந்து போனது மனத்திலிருந்து முழுக்கப் போகவில்லை. ஆனால் சட்டம் போட்டிருந்தால் மனத்திலிருந்து போயிருக்கும் என்று யாரும் நிரூபிக்க முடியாது. அந்த இயக்கத்தில் வளர்ந்த காஞ்சிபுரத்துக்காரர் அண்ணா முதலமைச்சரானதும் 1967-இல் செய்ததைப் பாருங்கள். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக மக்கள் புரோகிதர் இல்லாமல் செய்துவந்த சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்டத் தகுதி கொடுத்தார். புரோகிதரை வைத்து நடக்கும் திருமணத்தை அவர் தடை செய்யவில்லை. மக்கள் போக விரும்பிய வழியிலிருந்த பூட்டை எடுத்தார். பெயர் விஷயத்திலும் நமக்கு வேண்டிய சட்டம் அந்த வகையைச் சேர்ந்தது.

தடைச் சட்டம் வேண்டாம் என்ற வாதத்துக்கு வரும் மறுப்புகளில் வலுவானதும் வேதனையானதும் ஒன்றுண்டு. திருவள்ளூர் மாவட்டத்தில் திருத்தணிப் பக்கமும், வடமாவட்டங்களின் வேறு சில ஊர்களிலும், வரிசையாகப் பெண் பிறந்த வீட்டில் அடுத்த பெண்ணுக்கு ‘வேண்டாம்’ என்று பெயர் வைக்கும் வழக்கம் இருந்தது. போதும்பொண்ணு என்ற பெயரைத் தமிழ்நாடு முழுக்க எல்லோரும் கேட்டிருப்போம். அடுத்ததாவது ஆணாகப் பிறக்கும் என்ற நம்பிக்கைக்கு ஒரு பச்சைக் குழந்தையைப் பலகையாக்கி எழுதி மாட்டுவதுதான் அது. வகுப்பில் ஆசிரியர் வருகை எடுக்கும்போது ‘வேண்டாம்’ என்று கூப்பிட, ‘உள்ளேன் ஐயா’ என்று ஒரு பிள்ளை எழுந்து நிற்க வேண்டும். அதுவும் ஒவ்வொரு நாளும். இதையாவது சட்டம் தடுக்கக்கூடாதா என்ற கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் தடை விதித்தால் அந்த வீட்டில் மாறுவது என்ன? பதிவேட்டில் வேறொரு பெயர் ஏறும். வாசலில் அவளை ‘வேண்டாம்’ என்றேதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் அங்கே நிலவும் நோயின் அறிகுறி. அதோடு, ஒரு பதிவாளரால் வேண்டாமையும் மண்ணாங்கட்டியையும் பிரித்தறிய முடியுமா? பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் குழந்தையைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பன் என்றும், பிச்சை வாங்கிப் போட்டுப் பிச்சையம்மாள் என்றும், மண்ணாங்கட்டி என்றும் வைத்தது, எமன் கண்ணில் பட்டுவிடக்கூடாது என்ற பாசத்தினால். வெளியே கேட்க இரண்டும் இழிவாகத்தான் ஒலிக்கின்றன. வேறுபாடு தெரிந்தவர் அந்தப் பெயரைச் சுமப்பவர் மட்டுமே.

அவர் கையில் முடிவைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு மகாராஷ்டிராவில் ஒரு சான்று இருக்கிறது. சதாரா மாவட்டத்தில் ‘நகுசா’, அதாவது வேண்டாதவள், என்று பெயரிடப்பட்ட பெண்களைக் கணக்கெடுத்து, 2011 அக்டோபரில் மாவட்ட நிர்வாகமே விழா நடத்தி 285 பெண்களுக்குப் பெயர் மாற்றிச் சான்றிதழ் கொடுத்தது. சிலர் நடிகைகளின் பெயரையும், சிலர் தெய்வங்களின் பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். ‘வைஷாலி’ போன்ற பெயர்களுக்கு ஆசைப்பட்டவர்களும் உண்டு. யாரும் பட்டியல் நீட்டவில்லை. பெயர்களை வடிகட்டும் சட்டம் இருக்கும் நாட்டிலும் இதே பாடம்தான் கிடைக்கிறது. நியூசிலாந்தில் புண்படுத்தும் பெயர்களைப் பதிவாளர் மறுக்கலாம். அப்படியும் ஒரு சிறுமிக்கு, ஹவாய் தீவின் ஹூலா நடனத்தைச் சேர்த்து ஒரு முழு வாக்கியமே பெயராகப் பதிவாகியிருந்தது. தோழிகளிடம்கூட உண்மைப் பெயரைச் சொல்லாமல் மறைத்து வாழ்ந்தாள் அவள். ஒன்பது வயதில், 2008-இல், குடும்ப நீதிமன்றம் அவளைத் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டு பெயர் மாற்ற வழி செய்தது. பிறந்தபோது இருந்த வடிகட்டி அவளைக் காப்பாற்றவில்லை. அவள் பேச்சைக் கேட்க ஒருவர் உட்கார்ந்த பிறகே விடிந்தது.

பெயர் மாற்றத்தை எளிதாக்கினால் மோசடி பெருகும், கடன் வாங்கியவரும் குற்றம் செய்தவரும் பெயரை மாற்றிக்கொண்டு தப்பிவிடுவார்கள் என்று அதிகாரிகள் சொல்வது அடுத்த மறுப்பு. இதற்கான விடையை 1969-ஆம் ஆண்டுச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. அதன் 15-ஆம் பிரிவின்படி, பதிவேட்டில் பிழை கண்டால் பழைய பதிவில் கைவைக்காமல் ஓரத்தில் திருத்தக் குறிப்பு எழுதி, பதிவாளர் கையெழுத்தும் தேதியும் இட வேண்டும். பழையது அழியாது, புதியது பக்கத்தில் நிற்கும். யார் எப்போது எந்தப் பெயரிலிருந்து எந்தப் பெயருக்கு வந்தார் என்பதை ஒரே பக்கத்தில் படிக்கலாம். மோசடிக்காரர் விரும்புவது தடம் தெரியாமல் போவதை. ஓரக் குறிப்பு தடத்தை நிரந்தரமாக்குகிறது. இந்த ஏற்பாட்டை எழுத்துப் பிழைக்கு மட்டும் ஒதுக்காமல் விருப்பத்தின்பேரில் நடக்கும் பெயர் மாற்றத்துக்கும் விரிப்பதில் என்ன தடை? இதற்கு முன்மாதிரியும் இருக்கிறது. திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 2019, அடையாளச் சான்றிதழ் பெற்ற ஒருவர் பிறப்புச் சான்றிதழிலேயே முதற்பெயரை மாற்றிக்கொள்ள உரிமை தருகிறது. ஒரு பிரிவினருக்குச் சட்டம் இதைச் செய்ய முடியும் என்றால், பிறந்தபோதே ‘வேண்டாம்’ என்று எழுதப்பட்ட ஒரு பெண்ணுக்கு ஏன் செய்ய முடியாது? 2021 ஜூனில் சிபிஎஸ்இ சான்றிதழ் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பெயர் ஒருவரது அடையாளத்தின் கூறு என்றும், அதன்மீது அவருக்கு இருக்கும் கட்டுப்பாடு அரசியல் சாசனத்தின் 19-ஆம் பிரிவு தரும் கருத்துரிமையைச் சேர்ந்தது என்றும் ஏற்றுக்கொண்டது. நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட உரிமைதான், ஆனால் உரிமை.

பெற்றோர் இருவரும் ஒத்துப்போகாதபோது மட்டும் அரசு உள்ளே வர வேண்டியிருக்கிறது. 2023-இல் கேரள உயர் நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கில், பிரிந்து வாழ்ந்த தாயும் தந்தையும் ஆளுக்கொரு பெயர் சொன்னதால் குழந்தையின் சான்றிதழில் பெயர்க் கட்டம் காலியாகவே கிடந்தது. பள்ளி அதை ஏற்க மறுத்தது. நீதிமன்றமே குழந்தையின் நலனை முன்வைத்துப் பெயரை முடிவுசெய்தது. அப்படிப்பட்ட இடங்களுக்கு நீதிமன்றம் போதும், பட்டியல் தேவைப்படாது. எழுத்தாக உச்சரிக்கவே முடியாத குறிகளையும் அப்பட்டமான வசைச் சொற்களையும் பதிவாளர் நிறுத்திவைக்கலாம் என்பதை நானும் ஏற்கிறேன். அதிலும் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், மேல்முறையீட்டுக்கு வழி வேண்டும்.

செய்ய வேண்டியது கையெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. பிறப்புப் பதிவுச் சட்டத்தின்கீழ் விதிகள் வகுக்கும் அதிகாரம், ஒன்றிய அரசின் ஒப்புதலோடு, மாநில அரசுக்கு உண்டு. பதினெட்டு வயது நிறைந்த எவரும் தன் சொந்த வாக்குமூலத்தின்பேரில், வாழ்நாளில் ஒருமுறையாவது கட்டணமின்றிப் பிறப்புப் பதிவில் ஓரக் குறிப்பாகப் பெயர் மாற்றிக்கொள்ளலாம் என்று 2000-ஆம் ஆண்டு விதிகளில் சேர்க்கத் தமிழ்நாடு முன்வரலாம். சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தால் அதை டெல்லியிடம் கேட்டு வாங்கலாம். பதினெட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பெற்றோரின் விண்ணப்பத்தோடு பிள்ளையின் சம்மதத்தையும் கேட்டுப் பதிவுசெய்யும் முறை வேண்டும். இதற்காக உத்திரமேரூர்க்காரர் ஒருவர் ஒரு நாள் கூலியை விட்டுச் சென்னைக்குப் பஸ் ஏறக்கூடாது. வட்டாட்சியர் அலுவலகத்து இ-சேவை மையத்திலேயே முடிய வேண்டும். 2023 திருத்தம் பிறப்புப் பதிவுகளைத் தேசிய, மாநிலத் தரவுத்தளங்களில் சேர்த்து, வாக்காளர் பட்டியலுக்கும் குடும்ப அட்டைக்கும் அவற்றைப் பகிர இடம் தந்திருக்கிறது. முதலில் எழுதிய பெயர் போகும் அதே வழியில் திருத்திய பெயரும் போய்ச்சேரட்டும். டெல்லியின் ஒப்புதல் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்றும் உண்டு. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர்கள், தங்கள் பள்ளிப் பதிவேடுகளில் ‘வேண்டாம்’ என்றும் ‘போதும்பொண்ணு’ என்றும் பெயர் கொண்ட மாணவிகளைத் தலைமையாசிரியர்கள் வழியாகத் தனித்தனியே கேட்டு, மாற விரும்புகிறவர்களுக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அச்சாவதற்கு முன்பே பள்ளிப் பதிவேட்டிலும் அரசிதழிலும் பெயர் மாற்றித் தர முகாம் நடத்தலாம். பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் பள்ளிகளிலிருந்து போகிறது. அதற்கு முந்தைய மாதங்களே அந்த முகாமுக்கு உரிய காலம்.